பால் கொடுத்தவளும் தாய்தான்

2024-ம் வருஷம் ஆடி மாசம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். என் மருமகளுக்கு எட்டாம் மாசத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிப்போய், அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். பெண் குழந்தை. எடை 1 கிலோ 400 கிராம். உள்ளங்கையில் வைத்தால் அடங்கிவிடும் போலிருந்தாள். தாய் ஒரு வார்டில் நினைவு தெளியாமல் கிடக்கிறாள். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்.

நர்ஸ் பெண் வெளியே வந்து, "அம்மாவுக்குப் பால் ஊற இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிக் கொடுக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. யாராவது கையெழுத்துப் போடணும்" என்றாள்.

என் சம்பந்தியம்மா நல்லவர்தான். ஆனால் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "யார் பாலோ, எந்த வீட்டுப் பாலோ? நம்ம ரத்தத்துல அது சேரலாமா? பவுடர் பால் கொடுங்களேன்" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். என் மகன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீ சொல்லும்மா" என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

முப்பத்தெட்டு வருஷமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு விஷயம் அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"போடுப்பா கையெழுத்து. நீயே யார் பால் குடிச்சு உயிர் பிழைச்சவன்னு உனக்குத் தெரியுமா? ராவுத்தர் வீட்டு அக்கா பால் குடிச்சு வளர்ந்தவன்டா நீ."

சகோதரிகளே, அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் பொட்டிப்புரம். தேவாரத்துப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற கிராமம். நியூட்ரினோ ஆய்வகம் என்று பேச்சு எழுந்த பிறகு எங்கள் ஊர்ப் பெயர் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. அதற்கு முன்னே பொட்டிப்புரம் என்றால், "அது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். மழையை நம்பிய காடு. மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலை. தேனி மாவட்டம் பிரிவதற்கு முன்னால் நாங்கள் எல்லாம் மதுரை மாவட்டத்துக்காரர்கள்.

1986-ல் தலைப்பிரசவத்துக்காக சின்னமனூர் மாமியார் வீட்டிலிருந்து தாய் வீடு வந்தேன். வீட்டிலேயேதான் பிரசவம். பையன் பிறந்ததும் பாட்டி சீனித் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைத்தாள். முதலில் வந்த சீம்பாலைக் "கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது" என்று பீய்ச்சிக் கீழே விடச் சொன்னார்கள். எனக்கு விவரம் தெரியாது, விட்டேன். பத்தாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. காய்ச்சல் தூக்கிப் போட்டது. சீழ் கோத்துக்கொண்டு, டாக்டர் கீறிவிட வேண்டியதாயிற்று. வலியும் காய்ச்சலுமாக நான் சுருண்டு கிடந்ததில் பால் அறவே வற்றிவிட்டது.

டின் பால் வாங்கி வந்தார்கள். விலையைப் பார்த்து அம்மா அதில் தண்ணீரைத் தாராளமாகச் சேர்த்தாள். பாட்டிலை ஒழுங்காகக் கொதிக்க வைக்கவும் தெரியாது. நாலே நாளில் பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகினான்.

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு ராவுத்தர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. உத்தமபாளையத்துக்காரர்கள். அவர் ஏலக்காயும் புளியும் வாங்கி விற்பார். அந்த அக்காவுக்கு ஐந்து மாசக் கைக்குழந்தை, பெண். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா கொல்லை வழியாக வந்து நின்றார்.

"ஏத்தா, மூணு நாளா உம் பிள்ளை சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்குச் சத்தமே காணோமே? அதான் மனசு கேக்கல" என்றார்.

பிள்ளையைப் பார்த்ததும் வேறொன்றும் பேசவில்லை. வாரி எடுத்து, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு "மடக் மடக்" என்று பையன் விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அம்மா வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். என்னிடம் குனிந்து, "உம் மாமியார் காதுக்கு இது போகக் கூடாது. உம் புருசங்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். ஆனால் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை மாசம், தினம் நாலைந்து தடவை, கொல்லைக் கதவு திறக்கும். தன் பெண்ணை ஒரு பக்கமும் என் பையனை ஒரு பக்கமுமாக வைத்துக்கொண்டு அக்கா பால் கொடுப்பார். ஒருநாள் நான் அழுதுவிட்டேன். "இந்தக் கடனை எப்படிக்கா தீர்ப்பேன்?" என்றேன்.

"கடனாவது ஒண்ணாவது! எங்க நபிநாயகமே அடுத்தவ பால் குடிச்சு வளர்ந்தவுகதான். அலிமா அம்மா கதை தெரியாதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் சொன்ன கதைதான் நான் முதன்முதலாகக் கேட்ட நபிகள் நாயகத்தின் சரித்திரம். பிற்பாடு புத்தகங்கள் வாங்கிப் படித்து இன்னும் தெரிந்துகொண்டேன்.

ஏறக்குறைய கி.பி. 570-ல் மக்கா நகரத்தில் நபிகள் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை அப்துல்லா இறந்துவிட்டார். தாயார் ஆமினா இளம் விதவை. முதலில் சில நாட்கள் துவைபா என்ற அடிமைப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். மக்காவில் வசதியான குடும்பங்கள் பச்சைக் குழந்தைகளைப் பாலைவனத்துக் கூடாரங்களில் வாழும் பெண்களிடம் வளர்க்கக் கொடுப்பது அப்போது வழக்கம். நகரத்து நெரிசலும் நோயும் இல்லாத சுத்தமான காற்று. கலப்பில்லாத அரபு மொழி. இரண்டும் குழந்தைக்குக் கிடைக்கும் என்று நினைத்தார்கள்.

அந்த வருஷம் கடும் பஞ்சம். பனூ ஸஅத் என்ற கூட்டத்துப் பெண்கள் குழந்தைகளைத் தேடி மக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் ஹலீமா. நம் ஊர்ப் பக்கம் அலிமா என்பார்கள். அவளுடைய கழுதையோ நடக்க முடியாத கிழடு. அவள் கைக்குழந்தையோ பால் போதாமல் ராத்திரியெல்லாம் அழுகிறது. வந்த பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். ஆமினாவின் பிள்ளையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. "தகப்பன் இல்லாத பிள்ளை. கூலி யார் கொடுப்பார்கள்?" என்பது அவர்கள் கணக்கு. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கணவரிடம் கேட்டுக்கொண்டு, ஹலீமா அந்த அநாதைப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

எடுத்து மடியில் வைத்ததும் பால் சுரந்ததாம். அவள் பிள்ளையும் குடித்தது; இந்தப் பிள்ளையும் குடித்தது. வற்றிக் கிடந்த ஒட்டகமும் பால் தந்தது என்கிறார்கள்.

"அதிசயம்னு சொல்லுவாக. ஆனா எனக்கு அது அதிசயமாத் தெரியலத்தா. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ரெண்டு பிள்ளை குடிச்சா ரெண்டு பிள்ளைக்கு ஊறும். இந்தா, என்னையே பாரேன்" என்று சிரித்தார் அக்கா. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரப்பு கூடும் என்று டாக்டர்கள் சொல்வதும் இதைத்தானே!

இரண்டு வயசில் பால் மறக்கடித்து, ஹலீமா பிள்ளையைத் தாயிடம் கொண்டுபோனாள். ஆனால் பிரிய மனசில்லை. மக்காவின் நோய்நொடியைக் காரணம் காட்டி, கெஞ்சித் திரும்பவும் கூட்டிக்கொண்டு போனாள். நாலைந்து வயசில்தான் அவர் பெற்ற தாயிடம் வந்தார். வந்தவருக்கு அந்தச் சுகமும் நீடிக்கவில்லை. ஆறாவது வயசில், யத்ரிப் போய்விட்டுத் திரும்புகிற வழியில், அப்வா என்ற இடத்தில் ஆமினா இறந்துபோனார். கூட இருந்த பணிப்பெண், உம்மு அய்மன் என்று பின்னால் அழைக்கப்பட்டவர், அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மக்காவுக்கு வந்து சேர்ந்தார். எட்டு வயசில் பாட்டனாரும் போனார். பெரியப்பா அபூ தாலிப் வீட்டில், அவர் மனைவி ஃபாத்திமாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்தார். ஆடு மேய்த்தார், வியாபாரத்துக்குப் போனார். 25 வயசில் கதீஜா அம்மையாரை மணந்தார். 40-வது வயசில், 610-ல், ஹிரா குகையில் இறைச்செய்தி வந்தது. 622-ல் மக்காவை விட்டு மதீனா போனார். 632-ல் மதீனாவில் மறைந்தார்.

இதெல்லாம் பாடப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் பிள்ளை பெற்ற எனக்கு மனசில் தைத்தது வேறு. எத்தனை பெண்கள் கை மாறி வளர்ந்த பிள்ளை அவர்! அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது அவர் மறக்கவில்லை.

துவைபாவுக்கு மதீனாவிலிருந்து துணிமணி அனுப்பிக்கொண்டே இருந்தார். உம்மு அய்மனை, "தாய்க்குப் பிறகு எனக்குத் தாய்" என்று மரியாதை செய்தார். பெரியம்மா ஃபாத்திமா இறந்தபோது தன் சட்டையையே கழற்றிக் கபனாகக் கொடுத்தார். பஞ்ச காலத்தில் ஹலீமா உதவி கேட்டு வந்தபோது, கதீஜா அம்மையார் நாற்பது ஆடுகள் கொடுத்து அனுப்பினார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பால் கொடுத்த தாய் வந்தால் தன் மேலாடையை எடுத்துத் தரையில் விரித்து, அதன்மேல் உட்கார வைப்பார்.

630-ல் ஹுனைன் யுத்தம் நடந்தது. தோற்ற பக்கத்தில் ஹலீமாவின் கூட்டத்தாரும் இருந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக ஆறாயிரம் பேர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒரு வயசான பெண், "நான் உங்கள் தலைவருக்கு அக்கா" என்றாள். ஹலீமாவின் மகள் ஷைமா. சின்னப் பிள்ளையில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளுக்கும் மேலாடையை விரித்து உட்கார வைத்தார். பிறகு அந்தக் கூட்டத்தார் வந்து, "இங்கே அடைபட்டிருக்கிறவர்கள் உங்கள் பால் வழிச் சித்திகளும் அத்தைகளும்தானே" என்று முறையிட்டார்கள். தன் பங்கில் வந்தவர்களை அவர் விட்டுவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். என்றைக்கோ ஒரு பஞ்ச காலத்தில் ஒருத்தி கொடுத்த பால், அறுபது வருஷம் கழித்து ஆறாயிரம் பேரைக் காப்பாற்றியது!

தாய்மாரின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. தொழுகை நடத்தும்போது பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டால், அதன் தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கமாக முடித்துவிடுவாராம். பேத்தி உமாமாவைத் தோளில் வைத்துக்கொண்டே தொழுததும் உண்டு. தன் துணியைத் தானே தைத்துக்கொள்வார். வீட்டு வேலையில் கூடமாட ஒத்தாசை செய்வார்.

இந்த ஹலீமா கதை தமிழுக்கும் பழசுதான். உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தில், அவர் பால் கொடுத்ததற்கென்றே ஒரு படலம் உண்டு. அரபு நாட்டை வயலும் ஆறும் மழையுமாக நம் சீமை மாதிரியே புலவர் பாடியிருக்கிறார். நபிகள் நாயகத்துக்குப் பிள்ளைத்தமிழும் உண்டு. தமிழன் யாரையாவது மனசார நேசித்தால் முதலில் அவரைத் தொட்டில் பிள்ளையாக்கித் தாலாட்டிவிடுகிறான் போலிருக்கிறது!

அக்கா இன்னொன்றும் சொன்னார். "ஒரு தாய்கிட்ட பால் குடிச்ச பிள்ளைக கூடப் பொறந்தவுக மாதிரி. கல்யாணம் காட்சி பண்ணக் கூடாது. எங்க குர்ஆன்லயே இருக்கு. அதனால உம் மவனுக்கு எம் மவளைக் கேட்டு வந்துறாத, ஆமா!" என்று சிரித்தார். பிள்ளைக்கு இரண்டு வருஷம் முழுசாகப் பால் கொடுக்கலாம் என்று அதே குர்ஆனில் சொல்லியிருப்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குடும்பங்களுக்குள் பால் வழி உறவுக்கு இத்தனை மதிப்பு வைத்திருப்பதால்தான், யார் பால் என்று தெரியாத வங்கிப் பாலை வாங்க முஸ்லிம் வீடுகளில் சிலர் இன்றைக்கும் யோசிக்கிறார்கள். மார்க்க அறிஞர்களிடையே இதில் இரண்டு விதக் கருத்தும் உண்டு.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமான இடம்.

பையனுக்கு மூணு மாசம் முடிந்து நான் சின்னமனூர் திரும்பினேன். ஒரு வருஷத்தில் அக்கா குடும்பமும் உத்தமபாளையத்துக்கே போய்விட்டது. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் அடிக்கடி பஸ் ஓடுகிறது. நான் எத்தனை தடவை போயிருக்க வேண்டும்! பயம். மாமியாருக்குத் தெரிந்துவிடுமோ, ஊர் என்ன சொல்லுமோ என்று பயம். மாமியார் காலமான பிறகும் அந்தப் பயம் போகவில்லை, பழகிவிட்டது. 2019-ல் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை எழுதும்போது அக்கா பேரை எழுதினேன். எழுதிவிட்டு, "யாருன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று நினைத்து, அந்த உறையைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பால் கொடுத்தவளுக்கு ஒருவர் மேலாடையை விரித்தார். நான் ஒரு பத்திரிகைகூட அனுப்பவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது என் வீட்டுக்காரர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. ஒரு நல்ல சேலையாவது எடுத்துக் கொடுத்திருப்பேனே" என்றார். அவ்வளவுதான். இதற்கா முப்பத்தெட்டு வருஷம் பயந்தேன்! சம்பந்தியம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "எங்கே கையெழுத்துப் போடணும், போடுங்க மாப்பிள்ளை" என்றார்.

அந்த மாசக் கடைசியில் பேத்தி வீட்டுக்கு வந்தாள். இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தாள். மருமகளுக்கும் நாலாம் நாளே பால் ஊற ஆரம்பித்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் உத்தமபாளையம் போனோம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அக்காவுக்கு இப்போது கண் மங்கல். முழங்கால் வலி. என் குரலைக் கேட்டதும், "பொட்டிப்புரத்துக்காரியா?" என்றார். பின்னால் நின்ற மகனைத் தடவிப் பார்த்து, "எம் புள்ளையா இது? இத்தனை உசரமா வளர்ந்துட்டான்!" என்றார்.

என்னால் பேச முடியவில்லை. "மன்னிச்சிருக்கா" என்று மட்டும் சொன்னேன். "என்னத்தை மன்னிக்க? கதவைச் சாத்தினாலும் பிள்ளைக்குப் பால் போச்சுல்ல? அது போதும்" என்றார். அம்மா சொன்னது அவர் காதில் விழத்தான் செய்திருக்கிறது.

உடனே சுவர் ஓரம் சுருட்டி வைத்திருந்த கோரைப் பாயை எடுத்து, முழங்கால் வலியோடு குனிந்து எங்களுக்கு விரிக்கப் போனார். என் மகன் அந்தப் பாயை அவர் கையிலிருந்து வாங்கி, தானே விரித்து, "நீங்க முதல்ல உட்காருங்கம்மா" என்றான். அவனுக்கு அந்த மேலாடைக் கதை தெரியாது. நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளேயிருந்து அக்காவின் மகள் வந்தாள். அவனைவிட ஐந்து மாசம் மூத்தவள். "அப்ப நான் உனக்கு அக்கா. ஞாபகம் வச்சுக்க" என்றாள். போன ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சி எங்கள் வீடு வந்தது. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் கரும்பு அங்கே போனது.

இளம் தாய்மாரே, பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாட்டி சொல்கிறேன். இதை மட்டும் மறக்காதீர்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடுங்கள். மஞ்சளாக வரும் சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. அதைக் கீழே விடாதீர்கள். சேனை, சீனித் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். ஆறு மாசம் முடிகிற வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு குழைந்த சாதம், பருப்பு என்று கொடுத்துக்கொண்டே இரண்டு வயசு வரை தாய்ப்பாலும் கொடுக்கலாம். மார்பில் பால் கட்டி, சிவந்து, காய்ச்சல் வந்தால் நாட்டு வைத்தியம் என்று நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள். பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அக்கா செய்த மாதிரி நேராகப் பால் கொடுப்பதை இந்தக் காலத்தில் பரிசோதனை இல்லாமல் செய்ய வேண்டாம். எய்ட்ஸ் கிருமி பால் வழியாகவும் வரக்கூடும். அதற்குத்தான் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. நம் நாட்டில் முதல் வங்கி 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் 2014 முதல் வங்கிகள் வந்தன. கொடுக்கிற தாயின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, குளிரில் உறைய வைத்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். உங்களுக்குப் பால் மிஞ்சினால் கொட்டாதீர்கள், கொடுங்கள். எந்த வீட்டு ஹலீமாவுக்காகவோ ஒரு பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் காத்திருக்கும்.

அப்படி யாராவது உங்கள் பிள்ளைக்குக் கொடுத்திருந்தால், அதை மூடி வைக்காதீர்கள். பிள்ளையிடம் சொல்லி வளருங்கள். என் பேத்திக்குப் பால் கொடுத்த தாய்மார் யார் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அவளிடம் இப்படித்தான் சொல்லப்போகிறேன்: "பார்க்கிற பொம்பளைகளுக்கெல்லாம் பாயை விரிச்சு உட்காரச் சொல்லு கண்ணு. அவுகள்ல ஒருத்தி உனக்கு அம்மாவா இருப்பா."